காங்கோ காட்டின் முடிசூடா மன்னன் திப்பு திப்

குஜராத், கட்ச், ராஜஸ்தான் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் கை நிறைய தந்த வளையல் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், சில சாதிகளில் தோள் வரைக்கும் கூட அடுக்குவார்கள். இப்போது போடுவது பிளாஸ்டிக். 1990ல் உலகம் முழுவதும் தந்த வியாபாரத்துக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் அது அசல் யானைத் தந்தம்.

அந்தத் தந்தம் நம் நாட்டு யானையுடையது என்று நினைத்தால் தவறு. பெரும் பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பம்பாய்க்கு வந்து இறங்கியது. ஆப்பிரிக்கத் தந்தம் கடைசலுக்கு இதமானது, எளிதில் வெடிக்காது. பம்பாய்க்கு வந்ததில் ஒரு பகுதி வளையலுக்குப் போகும். மீதி லண்டனுக்கு மறுபடி கப்பல் ஏறும். அங்கே அது பியானோ கட்டையாகவும் பில்லியர்ட்ஸ் பந்தாகவும் மாறும்.

அந்தத் தந்தத்தைக் காட்டுக்குள்ளிருந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்களில் பெரிய கை ஒருவர் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் அவர் பெயரைக் கேட்டால் நடுங்கியது. லிவிங்ஸ்டன், கேமரூன், ஸ்டான்லி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வெள்ளைக்காரப் பிரயாணிகள் எல்லோரும் அவரிடம் உதவி கேட்டு நின்றார்கள். அவர் தந்த வியாபாரி. அடிமை வியாபாரியும் கூட.

அவர்தான் திப்பு திப்.

துப்பாக்கி வைத்த பெயர்

இது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. சொந்தப் பெயர் ஹமீத் பின் முகமது அல் முர்ஜபி. காட்டுக்குள் அவருடைய ஆட்கள் சுடும்போது எழுந்த திப், திப் என்ற சத்தத்தைக் கேட்டு அங்குள்ள மக்கள் அந்தப் பெயரை வைத்ததாக அவரே சொல்லிக்கொண்டார். வேறு சிலர் சொல்லும் காரணம் வேறு. அவருக்கு ஓயாமல் கண் இமை துடிக்கும் பழக்கம் உண்டு. அதை வைத்தே பெயர் வந்தது என்பார்கள். எது உண்மையோ, துப்பாக்கிக் கதைதான் அவருக்குப் பிடித்திருந்தது.

பிறந்த ஊர் ஜான்சிபார் தீவு. பிறந்த வருஷம் 1837 வாக்கில். தாயார் மஸ்கட் அரபுக் குடும்பம். தகப்பனார் வழியிலும் அரபு ரத்தம்தான். ஆனால் பாட்டி முப்பாட்டி வழியில் ஆப்பிரிக்க ரத்தமும் கலந்திருந்தது. ஆகவே ஆள் கறுப்பு. உயரம். கறுத்த தாடி. வெள்ளை வெளேர் என்று அங்கி. பேசிய மொழி ஸ்வாஹிலி. கடற்கரை ஆப்பிரிக்கர்களும் அரபிகளும் பல நூறு ஆண்டுகள் கலந்து வாழ்ந்ததில் வளர்ந்த மொழி அது.

ஜான்சிபாரில் ஓடிய ரூபாய்

அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஸ்கட் சுல்தான் சையது சயீத் தன் தலைநகரையே ஜான்சிபாருக்கு மாற்றிக்கொண்டவர். தீவு முழுவதும் கிராம்புத் தோட்டம் போட்டார். தோட்டத்தில் வேலை செய்ய அடிமைகள் வேண்டும். அவர்கள் எதிர்க் கரையிலிருந்து படகு படகாக வந்தார்கள். 1860களில் வருஷத்துக்கு 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் பேர் வரை அந்தச் சந்தைக்கு வந்ததாக மதிப்பிடுகிறார்கள். சிலர் தோட்டத்துக்கு, சிலர் அரபு நாட்டுக்கு.

ஆண்டவர்கள் அரபிகள். பணப் பெட்டி யாரிடம் இருந்தது? நம் நாட்டு ஆட்களிடம். கட்ச் தேசத்து பாட்டியாக்கள், கோஜாக்கள், போராக்கள் அங்கே கடை போட்டிருந்தார்கள். துறைமுகச் சுங்கமே குத்தகைக்குத்தான் விடப்பட்டது. ஜெய்ராம் சிவ்ஜி என்ற கட்ச் வியாபாரக் குடும்பம் அந்தக் குத்தகையைப் பல வருஷங்கள் வைத்திருந்தது. பிறகு தாரியா தோபன் என்ற இன்னொரு கட்ச் காரருக்கு அது போனது. கடைத்தெருவில் நம் ரூபாயும் ஓடியது. பிரிட்டிஷ் பிரதிநிதி வெகுகாலம் பம்பாய் சர்க்காருக்குத்தான் அறிக்கை எழுதினார்.

உள்நாட்டுக்குப் போகிற அரபி வியாபாரி இவர்களிடம் துணியும் பாசிமணியும் துப்பாக்கியும் மருந்தும் கடனாக வாங்கிக்கொண்டு புறப்படுவான். திரும்பி வரும்போது தந்தமாகக் கொடுத்துக் கடனை அடைப்பான். வரப் பல வருஷம் ஆகும். வராமலே போகவும் கூடும். வட்டி அதற்குத் தக்கபடி.

இந்தியர் வீடுகளிலும் அடிமைகள் இருந்தார்கள். 1860 வாக்கில் பம்பாய் ராணுவத்திலிருந்து வந்த ரிக்பி என்ற பிரிட்டிஷ் கான்சல், பிரிட்டிஷ் பிரஜைகள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் பேசி, இந்திய வியாபாரிகளிடமிருந்து ஆயிரக்கணக்கானவர்களை விடுவித்தார். வெளியூருக்குப் பிழைக்கப் போன இந்தியர்கள் எல்லாம் நம்மைப் போலக் கைகட்டி நின்றவர்கள் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதில்

திப்பு திப் 12 வயதில் தொழிலுக்கு வந்துவிட்டார். முதலில் கடற்கரை ஓரத்தில் கோபல் பிசின் வியாபாரம். வார்னிஷ் காய்ச்ச உதவும் பிசின் அது. 18 வயதில் தகப்பனாருடன் உள்நாட்டுக்குப் போனார்.

தகப்பனார் அங்கே சாதாரண ஆள் இல்லை. கடற்கரையிலிருந்து மூன்று மாத நடையில் தபோரா என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பிரதேசத்து அரசன் மகளையே அவர் மணந்திருந்தார். வியாபாரமும் சம்பந்தமும் சேர்ந்தே நடந்தன.

காட்டு வழி எப்படி இருந்தது? வண்டி கிடையாது. மாடு குதிரை போனால், ஒருவகை ஈ கடித்துச் செத்துவிடும். ஆகவே எல்லாச் சுமையும் மனிதன் தலையிலும் தோளிலும்தான். ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 30 கிலோ. பெரிய தந்தமானால் ஒன்றே அந்த எடை இருக்கும்.

இங்கே ஒரு விஷயம். அடிமைகளைப் பிடித்து, அவர்கள் தலையில் தந்தத்தை ஏற்றி, கடற்கரைக்கு வந்ததும் தந்தத்தையும் ஆளையும் சேர்த்து விற்றுவிடுவார்கள் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கிறது. அப்படியும் நடந்ததுண்டு. ஆனால் தபோரா சாலையில் சுமை தூக்கியவர்களில் பெரும்பாலோர் நியாம்வேசி சாதியைச் சேர்ந்த கூலிக்காரர்கள். பேரம் பேசிக் கூலி வாங்கியவர்கள். கூலி சரியில்லையென்றால் சுமையை வழியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர்கூட அதற்கு முன்பு கடலைப் பார்க்காதவராக இருந்திருக்கலாம். ஆனால் தன் தோளின் விலை தெரிந்தவர்.

கழுத்தில் கவட்டைக் கட்டை மாட்டி, ஒருவரோடு ஒருவர் பிணைத்து ஓட்டிவரப்பட்டவர்களும் அதே சாலையில்தான் வந்தார்கள். நடக்க முடியாமல் விழுந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். சில சமயம் கொன்றுவிட்டும் போவார்கள்.

பின்னாளில் ஜெர்மன்காரர்கள் இந்த நடைபாதையை ஒட்டியே ரயில் பாதை போட்டார்கள். தார் எஸ் ஸலாமில் தொடங்கி 1912ல் தபோரா வந்தது. 1914ல் டாங்கனிக்கா ஏரிக்கரையில் கிகோமா வந்தது. ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இந்தப் பாதையின் மீது தனி ஆசை. மூன்று மாத நடை இரண்டு நாள் பயணமாகச் சுருங்கிவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே யார் யார் கிடக்கிறார்களோ!

சாமு ராஜ்யத்தில் அம்பு

திப்பு திப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1867ல் நடந்த ஒரு சண்டை. டாங்கனிக்கா ஏரியின் தென்மேற்கே இதாவா என்ற நாடு. அதன் அரசன் என்சாமா. வயதானவன், பலமானவன். அவனிடம் தந்தம் குவிந்து கிடப்பதாகப் பேச்சு. அவனிடம் போன வியாபாரிகள் கொள்ளை கொடுத்துவிட்டு ஓடிவந்த கதைகளும் உண்டு. கடற்கரைக்காரர்கள் அவன் நாட்டைச் சாமு ராஜ்யம் என்பார்கள்.

திப்பு திப் நேரே அங்கே போனார். வரவேற்றார்கள். தந்தம் காட்டுகிறோம் என்று கோட்டைக்குள் அழைத்தார்கள். உள்ளே போனதும் அம்பு பறந்தது. திப்பு திப்பின் உடம்பிலும் அம்புகள் தைத்தன. கூட இருந்த சில துப்பாக்கிகள் வெடித்தன. கூட்டம் நெருக்கமாக இருந்ததால் ஒவ்வொரு குண்டுக்கும் பல பேர் விழுந்தார்கள். மீதிப் பேர் சிதறி ஓடினார்கள். என்சாமாவும் தப்பி ஓடினான். கோட்டை திப்பு திப் வசம் வந்தது. குவித்து வைத்திருந்த தந்தமும் செம்பும் வந்தன.

இது திப்பு திப் சொன்ன கணக்கு. என்சாமா பக்கத்து ஆள் எவரும் எழுதி வைக்கவில்லை.

சண்டை முடிந்த சூட்டில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். கையில் சரக்கும் குறைவு, உடம்பில் தெம்பும் குறைவு. அவர்தான் டாக்டர் லிவிங்ஸ்டன்.

லிவிங்ஸ்டன் புறப்பட்டது எங்கிருந்து தெரியுமா? பம்பாயிலிருந்து. 1866 ஜனவரியில் இங்கிருந்துதான் கப்பல் ஏறினார். கூட நாசிக்கிலிருந்து சில ஆப்பிரிக்க இளைஞர்களை அழைத்துப் போனார். நடுக்கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் மீட்ட அடிமைப் பிள்ளைகளை நாசிக்குக்குப் பக்கத்தில் சரண்பூரில் மிஷன்காரர்கள் வளர்த்துத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இவர்கள்.

அடிமை வியாபாரத்தை ஒழிப்பதே தன் லட்சியம் என்று எழுதியவர் லிவிங்ஸ்டன். அவருக்கு ஆடும் துணியும் பாசிமணியும் கொடுத்து வழிகாட்டியவர் திப்பு திப். இருவருக்கும் சண்டை வரவில்லை. பசியில் கிடப்பவன் சோறு போடுகிறவனின் தொழிலைக் கேட்பதில்லை. பின்னால் 1871ல் நியாங்வே சந்தையில் வேறொரு அரபி வியாபாரியின் ஆட்கள் நூற்றுக்கணக்கான பெண்களைச் சுட்டுத் தள்ளியதை லிவிங்ஸ்டன் கண்ணால் பார்த்து மனம் உடைந்தார். அதை அவர் எழுதியது இங்கிலாந்தை உலுக்கியது.

அதன் பலனாகத்தான் 1872ல் சர் பார்ட்டில் பிரியர் ஜான்சிபாருக்கு அனுப்பப்பட்டார். அவர் நம் பம்பாய் மாகாணத்தின் முன்னாள் கவர்னர். கோட்டைப் பகுதியில் ஃபுளோரா ஃபவுண்டன் இருக்கிறதே, அதற்கு முதலில் அவர் பெயரைத்தான் வைக்க எண்ணியிருந்தார்கள். சுல்தான் பர்காஷ் முரண்டு பிடித்தார். கடைசியில் பிரிட்டிஷ் கப்பற்படை முற்றுகை போடும் என்ற பயத்தில் 1873 ஜூனில் கையெழுத்துப் போட்டார். ஜான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டது. அந்த இடத்தில் மாதா கோவில் கட்டினார்கள், இன்றும் இருக்கிறது.

சந்தை மூடியது கடற்கரையில். காட்டுக்குள் எதுவும் மூடவில்லை.

பாட்டி கதையில் கிடைத்த ராஜ்யம்

திப்பு திப் வாழ்க்கையில் எனக்கு மிகவும் வியப்பான பகுதி இதுதான்.

1870களின் தொடக்கத்தில் அவர் லுவாலபா நதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். காங்கோ நதியின் மேற்பகுதிக்கு அந்தப் பெயர். வழியில் ஒரு செய்தி காதில் விழுந்தது. உதேதேரா என்ற நாட்டை கசோங்கோ ருஷி என்ற கிழட்டு அரசர் ஆண்டு வருகிறார். வெகு காலத்துக்கு முன்பு எதிரிகள் அவருடைய சகோதரிகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. அரசர் இன்னும் அந்தத் துக்கத்தில் இருக்கிறார்.

திப்பு திப் எல்லா விவரங்களையும் பெயர்களோடு விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு உதேதேரா எல்லைக்குப் போனார். காணாமற்போன அந்தப் பெண்களில் ஒருத்தி என் குடும்பத்துப் பாட்டி என்று சொன்னார். அடிமையாக விற்கப்பட்டுக் கடற்கரைக்கு வந்தாள், எங்கள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள், நான் அவள் வழிப் பேரன் என்று கதையை விரித்தார்.

கிழவர் நம்பினார். அழுதார். ராஜ்யத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒரு தோட்டா செலவில்லை. அன்றிலிருந்து அந்த நாட்டில் விழுகிற யானையின் தந்தம் திப்பு திப் வாசலுக்கு வந்தது. வழக்கு வந்தால் தீர்ப்பும் அவரே சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு பெண்ணின் துக்கத்தை, ஆள் பிடிக்கிற வியாபாரி ஒருவர் தனக்குப் பட்டா ஆக்கிக்கொண்டார். அவருடைய முப்பாட்டி ஒருத்தி ஆப்பிரிக்கப் பெண் என்பதும் மெய்தானே. அதனால்தான் பொய் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது.

கசோங்கோ என்ற ஊர் அவருக்குத் தலைநகரம் ஆயிற்று. நெல் வயல், பழத்தோட்டம், பெரிய வீடுகள், சந்தை எல்லாம் வந்தன. 1874ல் அந்தப் பக்கம் வந்த ஆங்கிலேயர் கேமரூன், திப்பு திப்பின் ஆட்களை வழிகாட்டியாகப் பெற்று அட்லாண்டிக் கரை வரை நடந்தார்.

ஸ்டான்லியோடு போட்ட ஒப்பந்தம்

1876 அக்டோபரில் ஸ்டான்லி வந்தார். லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்த அதே பத்திரிகை நிருபர். லுவாலபா நதி எங்கே போய் விழுகிறது என்று கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நைல் நதியா, காங்கோவா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆற்றோரக் காடு பயங்கரமானது. சுமை கூலிகள் வர மறுத்தார்கள்.

திப்பு திப் துணைக்கு வருவதாக ஒப்பந்தம். 60 நடை வரை கூட வர வேண்டும். கூலி 5 ஆயிரம் டாலர். சுமார் 700 பேரோடு கிளம்பினார்.

காடு அவரையே மிரட்டியது. சூரியன் தெரியாத இருட்டு; ஓயாத ஈரம். அம்மை கண்டது, வயிற்றுப்போக்கு கண்டது. தினமும் பிணம். டிசம்பர் கடைசியில் திப்பு திப் போதும் என்று திரும்பிவிட்டார். ஸ்டான்லி ஓடங்களில் ஏறி ஆற்றோடு போனார். 1877 ஆகஸ்டில் அட்லாண்டிக் பக்கம் போமா என்ற இடத்தில் எலும்பும் தோலுமாகக் கரை சேர்ந்தார். நதி காங்கோதான் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

முழுத் தூரமும் வரவில்லை என்று ஸ்டான்லி 2,600 டாலருக்குத்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் வந்திராவிட்டால் இவர் ஒரு அடிகூட நகர்ந்திருக்க மாட்டார் என்ற குறை திப்பு திப்புக்குச் சாகும்வரை இருந்தது.

உண்மையில் அவர் இழந்தது பாக்கி டாலரை அல்ல. அந்த நதி வழியே என்ன வரப்போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. பெல்ஜியம் தேசத்து அரசர் லியோபோல்ட், ஸ்டான்லியின் கண்டுபிடிப்பைப் படித்துவிட்டு அவரையே சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். ஆற்றோரம் எல்லாம் தலைவர்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். 1885ல் பெர்லின் மாநாடு முடியும்போது காங்கோ முழுவதும் லியோபோல்டின் சொந்தச் சொத்து ஆகிவிட்டது. மாநாட்டில் ஒரு ஆப்பிரிக்கர்கூடக் கிடையாது. ஜான்சிபார் சுல்தானுக்கும் அழைப்பு இல்லை.

மாதச் சம்பளம் 30 பவுன்

திப்பு திப்பின் ஆட்கள் அதற்குள் ஆற்றோடு கீழே இறங்கி ஸ்டான்லி அருவி வரை வந்துவிட்டார்கள். இன்றைய கிசங்கானி நகரம் அது. லியோபோல்டின் ஆட்களும் மேலே ஏறி அங்கேயே வந்து கொடி நட்டார்கள். 1886ல் மோதல் வந்தது. எஜமானிடமிருந்து ஓடிவந்த ஓர் அடிமைப் பெண்ணுக்குக் காவல் நிலைய அதிகாரி டீன் அடைக்கலம் கொடுத்தார், அதுதான் காரணம். நிலையம் எரிந்தது. டீன் தப்பி ஓடினார்.

அப்போது திப்பு திப் ஜான்சிபாரில் இருந்தார். சுல்தான் பர்காஷைப் பார்த்தார். உள்நாட்டை சுல்தான் பெயரில் காப்பாற்றலாம் என்று நம்பி வந்தவர் அவர். ஆனால் அந்த வருஷம்தான் இங்கிலாந்தும் ஜெர்மனியும் சுல்தானுக்குக் கடற்கரையில் 10 மைல் அகலப் பட்டையை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பங்கு போட்டிருந்தன. உள்நாடு எனக்கு வேண்டாம், இந்தத் தீவு மிஞ்சினால் போதும் என்ற நிலையில் சுல்தான் இருந்தார். அதைக் கேட்டபோதுதான் எல்லாம் முடிந்தது என்று திப்பு திப்புக்கு விளங்கியது.

1887 பிப்ரவரியில் ஸ்டான்லி மறுபடி வந்தார். சூடான் பக்கம் சிக்கிக்கொண்ட எமின் பாஷா என்ற கவர்னரை மீட்கப் போகிறார். காங்கோ வழியாகப் போக வேண்டும். லியோபோல்டின் யோசனையையும் கையில் கொண்டுவந்திருந்தார். அதாவது, திப்பு திப்பையே ஸ்டான்லி அருவி ஜில்லாவுக்கு கவர்னர் ஆக்கிவிடுவது! மாதச் சம்பளம் 30 பவுன். காங்கோ கொடியை ஏற்ற வேண்டும். அருவிக்குக் கீழே அடிமை பிடிப்பதைத் தடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெல்ஜியம் அதிகாரி இருப்பார்.

ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுக்கு அதிபதி மாதச் சம்பளக்காரர் ஆனார். அடிமை வியாபாரத்தை ஒழிப்பதாக ஐரோப்பாவில் சபதம் செய்த அரசர், அந்தத் தேசத்திலேயே பெரிய அடிமை வியாபாரிக்கு உத்தியோக உத்தரவு கொடுத்தார். லண்டன் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. இருவருக்கும் அப்போதைக்கு அது வசதி.

எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் ஜான்சிபாரிலிருந்து புறப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். அதன் பெயர் நம்மவர்களுக்குப் பழக்கமானது: மதுரா. நம் மதுரையைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி எழுதுவார்கள். திப்பு திப்பும் மனைவிமாரும் பரிவாரமுமாக ஏறக்குறைய 100 பேர். கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மார்ச் மாதம் காங்கோ நதி வாயில் அவர்களை இறக்கிவிட்டது. வழியில் கேப் டவுன் துறைமுகத்தையும் நகரத்தையும் பார்த்த திப்பு திப், வெள்ளைக்காரர்களின் பலம் என்ன என்பதை அங்கேதான் முழுதாகத் தெரிந்துகொண்டார்.

வராத சுமை கூலிகள்

ஸ்டான்லியின் பின்படைக்கு 600 சுமை கூலிகள் கொடுப்பதாக திப்பு திப் ஏற்றிருந்தார். ஸ்டான்லி முன்னே போய்விட்டார். பின்படை யம்புயா என்ற இடத்தில் மேஜர் பார்ட்டலாட் தலைமையில் காத்துக் கிடந்தது. மாதங்கள் போயின. கூலிகள் வரவில்லை. ஒப்பந்தப்படி வெடிமருந்து தரவில்லை என்பது திப்பு திப் கட்சி. வேண்டுமென்றே ஏமாற்றினார் என்பது ஸ்டான்லி கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பார்ட்டலாட் சவுக்கடிக்குப் பெயர் போனவர். அவரிடம் வேலைக்குப் போக எவன் விரும்புவான்?

ஒரு வருஷம் கழித்து, 1888 ஜூனில் 400 பேர் வந்தார்கள். ஜூலை 19ந் தேதி விடியற்காலையில் ஒரு பெண் பறை அடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் பொறுக்காமல் பார்ட்டலாட் அவளை மிரட்டப் போனார். அவள் புருஷன் சங்கா துப்பாக்கியை நீட்டினான். பார்ட்டலாட் விழுந்தார். சங்காவைப் பிடித்து வந்து விசாரித்து மரண தண்டனை கொடுத்தவர் கவர்னர் திப்பு திப்தான்.

ஆகஸ்டில் ஸ்டான்லி திரும்பி வந்து பார்த்தபோது பின்படையில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருந்தார்கள். எல்லாப் பழியும் திப்பு திப் தலையில் விழுந்தது. ஜான்சிபார் கான்சல் கோர்ட்டில் 10 ஆயிரம் பவுன் நஷ்டஈடு கேட்டு ஸ்டான்லி வழக்குப் போட்டார். தாரியா தோபனிடம் இருந்த திப்பு திப்பின் பணத்துக்குத் தடை வாங்கினார். வழக்குக்குப் பதில் சொல்ல 1890ல் புறப்பட்ட திப்பு திப், வழியில் நோயில் விழுந்து, 1891 ஜூலையில்தான் ஜான்சிபார் சேர்ந்தார். வழக்கு விசாரணைக்கு வராமலே கைவிடப்பட்டது.

அதற்குப் பிறகு அவர் காங்கோ திரும்பவில்லை.

மகனும் போனான், மண்ணும் போனது

புத்திசாலித்தனமாக விலகினாரா, நோய் தடுத்ததா தெரியாது. ஆனால் மகன் செபு அங்கேயே இருந்தான். 1892ல் லியோபோல்டின் படைக்கும் அரபிகளுக்கும் போர் மூண்டது. திப்பு திப்பிடம் வளர்ந்து தளபதியான கோங்கோ லுதேதே என்பவனே எதிர்ப்பக்கம் போய்விட்டான். 1893 மார்ச்சில் நியாங்வே விழுந்தது. ஏப்ரலில் கசோங்கோ விழுந்தது. அந்த வருஷமே செபு கொல்லப்பட்டான். கட்சி மாறிய லுதேதேயையும் பெல்ஜியம் அதிகாரிகள் துரோகி என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். 1894ல் போர் முடிந்தது.

அடிமை வியாபாரம் ஒழிந்தது என்று ஐரோப்பாவில் விழா எடுத்தார்கள். காங்கோ மக்களுக்கு என்ன வந்தது? ரப்பர் வந்தது. ஒவ்வொரு கிராமமும் இத்தனை ரப்பர் கொடுக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். குறைந்தால் பெண்களைப் பிணையாகப் பிடித்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள். செலவான தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட, செத்தவர்களின் கைகளை வெட்டி எடுத்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் கையும் வெட்டுப்பட்டது. 1908ல் பெல்ஜியம் சர்க்கார் லியோபோல்டிடமிருந்து காங்கோவை எடுத்துக்கொள்ளும் வரை இது நடந்தது. பட்டினி, நோய், கொலை எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கில் செத்தார்கள்.

இதனால் திப்பு திப் நல்லவர் ஆகிவிட மாட்டார். ஜான்சிபாரில் அவருக்கு ஏழு தோட்டங்களும் 10 ஆயிரம் அடிமைகளும் இருந்ததாக 1895 வாக்கில் கணக்குச் சொன்னார்கள். 1897ல் அங்கே அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு நீங்கியது. அதுவரை அந்தக் கிராம்பு மணத்தில்தான் அவர் வாழ்ந்தார்.

கடைசியில் ஒரு புத்தகம்

வயதான காலத்தில் ஜெர்மன் கான்சல் அலுவலகத்தைச் சேர்ந்த ஹைன்ரிக் பிரோடே என்பவர் அவருடன் பழகினார். அவர் தூண்டியதில் திப்பு திப் தன் வாழ்க்கையைத் தானே ஸ்வாஹிலியில், அரபு எழுத்தில் எழுதினார். பிரோடே அதை ரோமன் எழுத்தில் பெயர்த்து ஜெர்மன் மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். ஸ்வாஹிலி மொழியின் முதல் சுயசரிதை என்று அதைச் சொல்கிறார்கள். நடை, சண்டை, கடன், தந்தம் என்று நேராகப் போகிற எழுத்து. வருத்தம் தெரிவிப்பது அதில் கிடையாது.

அதில் தந்தத்தின் எடை பல இடங்களில் பராசிலாக் கணக்கில் வருகிறது. ஒரு பராசிலா ஏறக்குறைய 16 கிலோ. கூட்ஸ் ஷெட்டில் எடை போட்டு ரசீது எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு மயக்கம் உண்டு. வியாபாரிக்கு எடை மறக்காது. பிடிபட்ட ஆட்கள் ஆயிரம், நூறு என்று மொத்தமாக வருகிறார்கள். ஊர் பெயர் இருக்கிறது; ஊரை எரித்தது இருக்கிறது; அந்த ஊரில் குடியிருந்தவர்கள் பெயர் இல்லை.

1905 ஜூனில் மலேரியா கண்டு, ஜான்சிபாரில் தன் வீட்டிலேயே திப்பு திப் இறந்தார். அவருக்குக் கடன் கொடுத்த தாரியா தோபன், பிரிட்டிஷ் சர்க்காரிடம் சர் பட்டம் வாங்கி, 1891லேயே காலமாகியிருந்தார்.

கல் நகரம் என்கிற பழைய ஜான்சிபாரில் அந்த வீடு இருக்கிறது. சித்திர வேலை செய்த பெரிய மரக்கதவு. பிற்காலத்தில் உள்ளே தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்கள் குடியேறின. வெளியூர் ஆட்கள் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.